மழையில் தொடங்கும் படம்

போன ஞாயிறு சாயங்காலம், பொங்கோலில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் தே ஆலியா சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே மகள் வயிற்றுப் பேரன். "தாத்தா, நீங்க பார்க்கிற அந்தப் படத்தை நானும் பார்த்தேன். கதையே இல்லையே! எப்படித் திரும்பத் திரும்பப் பார்க்கிறீங்க?" என்று கேட்டான். அவன் கேலி செய்யவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே சொல்கிறேன்.

அந்தப் படம் 'சம்மர் ஹாலிடே'. 1963இல் வந்தது, கிளிஃப் ரிச்சர்ட் நடித்தது. லண்டன் பேருந்துப் பணிமனையில் வேலை செய்யும் நான்கு பையன்கள், ஓர் இரட்டை மாடிப் பேருந்தைத் தங்கும் வண்டியாக மாற்றி, ஐரோப்பா வழியாக ஏதென்ஸ் வரை ஓட்டிப் போகிறார்கள். வழியில் பெண்கள் ஏறுகிறார்கள், பாட்டு வருகிறது, எல்லையில் ஒரு தகராறு வருகிறது, மறுபடியும் பாட்டு. அவ்வளவுதான்.

கதை மெலிசு என்பது சரி. ஆனால் தமிழனுக்கு இது புதிதா? 1944இல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளி கண்டது. அதன் நாயகன் பாகவதர் வாய் திறந்து பாடுவதைக் கேட்கத்தான் ஜனம் போனது. கதை என்பது பூக்களைச் சேர்த்துக் கட்டும் நார். நாரை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.

பிரிட்டனில் இத்தகைய படங்கள் ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் கொத்தாக வந்ததற்குக் கணக்கு வழக்கும் ஒரு காரணம். திரையரங்குகள் குறிப்பிட்ட பங்கு பிரிட்டிஷ் படங்களைக் காட்டியே ஆக வேண்டும் என்று 1927லேயே சட்டம் வந்துவிட்டது. 1957 முதல் நுழைவுச்சீட்டில் சட்டப்படி ஒரு தீர்வை பிடித்து, அந்தப் பணத்தை பிரிட்டனில் எடுத்த படங்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இசைத்தட்டில் ஏற்கெனவே பெயர் வாங்கிய பையன் ஒருவனைப் பிடித்து, சின்னச் செலவில் ஒரு படம் எடுத்தால் கையைக் கடிக்காது. அதே 1957இல் டாமி ஸ்டீல் என்ற இளம் பாடகரின் வாழ்க்கையே படமானது. 1962இல் ரிச்சர்ட் லெஸ்டர் 'இட்ஸ் ட்ராட், டாட்!' எடுத்தார். 1964இல் அவரே பீட்டில்ஸை வைத்து 'எ ஹார்ட் டேஸ் நைட்' எடுத்தார். சுமார் இரண்டு லட்சம் பவுண்டு செலவு, கறுப்பு வெள்ளை, இரண்டு மாதத்துக்குள் படப்பிடிப்பு. பணம் போட்ட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தின் கண் முக்கியமாகப் படத்தின் பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டின் மேல்தான் இருந்தது.

'சம்மர் ஹாலிடே' இந்தக் குடும்பத்தில் வசதியான பிள்ளை. வண்ணம் உண்டு, அகலத்திரை உண்டு. ஆனாலும் ஹாலிவுட் இசைப்படங்களோடு வைத்துப் பார்த்தால் சிக்கனம் தெரியும். அந்தச் சிக்கனத்தில்தான் என் மனம் நிற்கிறது. பெரிய படம் தன்னை அழகாகக் காட்டிக்கொள்ள அக்கம்பக்கத்தை மறைத்துவிடும். சின்னப் படத்துக்கு மறைக்கக் காசு கிடையாது. உண்மையான தெரு, பணிமனையின் எண்ணெய்க் கறை, மழைக்கோட்டு போட்ட மனிதர்கள் எல்லாம் அப்படியே உள்ளே வந்துவிடும். 'சம்மர் ஹாலிடே' தொடங்குவதே கடற்கரையில் பெய்யும் மழையில்தான். கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. பிறகு அந்தச் சிவப்புப் பேருந்து வருகிறது, படம் வண்ணத்துக்கு மாறுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

"சரி தாத்தா, அது லண்டன்காரங்களுக்கு. உங்களுக்கு என்ன?" என்றான் பேரன். கேட்க வேண்டிய கேள்விதான்.

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் அவரோடு வாசித்த ஷேடோஸ் குழுவும் கேலாங்கில் இருந்த ஹேப்பி வேர்ல்டு அரங்குக்கு வந்தார்கள். நாங்கள் அப்போது சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். அண்ணன் டிக்கெட் வாங்கிப் போனார். எனக்கு வயது போதவில்லை. மறுநாள் காலையில் எனக்காக ஐந்தடிப் பாதையில் தனியாக ஒரு கச்சேரி நடந்தது. அண்ணனும் இரண்டு கூட்டாளிகளும் வரிசையாக நின்றார்கள். ஷேடோஸ் வாசித்துக்கொண்டே எடுத்து வைக்கும் அடிகள் அப்போது பிரபலம். மூன்று பேரும் ஒன்றாக முன்னே வந்து, பின்னே போய், ஒரே நேரத்தில் திரும்புவார்கள். நடுவில் நின்றவர் கையில் மட்டும் கிட்டார். மற்ற இருவர் கையும் வெறுங்கை, ஆனால் விரல்கள் பிசகாமல் நகர்ந்தன. மாவு மில்லிலிருந்து வந்த அம்மா தூக்குச்சட்டியோடு தூண் ஓரமாக நின்று, ஆட்டம் முடிந்த பிறகுதான் படியேறினார். கிளிஃப் 1940இல் லக்னோவில் பிறந்தவர், குடும்பம் 1948இல்தான் இங்கிலாந்துக்குப் போனது. அண்ணன் இதை ஏதோ சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லுவார்.

அந்த அலையில் சிங்கப்பூர் முழுக்கக் கிட்டார் குழுக்கள் முளைத்தன. குவீன்ஸ்டவுன் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய 'தி குவெஸ்ட்ஸ்' 1964இல் வெளியிட்ட 'ஷான்டி', இங்கே முதலிடத்தில் இருந்த பீட்டில்ஸ் பாட்டைக் கீழே தள்ளியது. அந்த பீட்டில்ஸ் பாட்டு 'எ ஹார்ட் டேஸ் நைட்' படத்தில் வந்தது. குவெஸ்ட்ஸின் முன்னணிக் கிட்டார் கலைஞர் ரெஜி வர்கீஸ். இதைச் சொன்னபோது பேரன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தின் மலாய்ப் படங்கள் இந்த அலையைக் கொஞ்சம் பிடித்து வைத்தன. பி. ரம்லியின் 1964ஆம் ஆண்டுப் படம் 'தீகா அப்துல்'லில் கிட்டாருக்கென்றே ஒரு பாட்டு உண்டு. அந்த நிலையமும் 1967இல் மூடப்பட்டது. எங்கள் ஐந்தடிப் பாதையை மட்டும் யாரும் படம் பிடிக்கவில்லை. அதனால்தான் என் இளமையைப் பார்க்க லண்டன்காரன் எடுத்த படத்தைப் போட வேண்டியிருக்கிறது. அதில் வரும் பையன்களின் தலைவாரலும், ஒடுங்கிய கால்சட்டையும், ஒன்றாக அடி எடுத்து வைக்கும் விதமும் என் அண்ணனுடையவை.

கிளிஃப் நடித்து 1961 டிசம்பரில் லண்டனில் வெளியான 'தி யங் ஒன்ஸ்' எனக்கு இன்னும் நெருக்கம். பையன்கள் கூடும் மன்றத்தின் நிலத்தைக் கட்டட முதலாளி ஒருவர் வாங்கிவிடுகிறார். அவர் கதாநாயகனின் அப்பா. பழைய அரங்கு ஒன்றில் ஆட்டம் பாட்டு நடத்திப் பணம் திரட்டுகிறார்கள். கடைசியில் அப்பாவே மனம் இளகி, புது மன்றம் கட்டித் தர ஒப்புக்கொள்கிறார். இங்கே அப்படி நடக்கவில்லை. ஹேப்பி வேர்ல்டு பிறகு கே வேர்ல்டு ஆகி, 2001இல் இடிக்கப்பட்டது. கிச்சனர் ரோட்டில் நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா இருந்த இடத்தில் சிட்டி ஸ்குவேர் மால் நிற்கிறது. பொங்கோலிலிருந்து எம்ஆர்டியில் ஒன்பதாவது நிலையமான ஃபேரர் பார்க்கில் இறங்கினால் நேரே அதற்குள் போய்விடலாம். பொங்கோலிலேயே 1902இல் கட்டிய மாட்டில்டா வீட்டைப் போல என்னைவிட மூத்த கட்டடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அறுபதுகளில் கிட்டார் தொட்ட பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். இந்த வாரம் அவரைக் கீழே காப்பிக்கடைக்கு அழைத்து வாருங்கள். எந்தப் படம் பார்த்து ஆசை வந்தது, எந்த மேடையில் ஏறினார், கூட வாசித்தவர்கள் யார் யார் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.