வெற்றுக் கதிரைகளுக்கும் கணக்கு உண்டு

ஞாயிறு பூசை முடிந்து பங்கின் அருட்பணிச் சபை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் 15 பேர். வந்திருப்பவர் 6 பேர். மற்றவர்களில் சிலர் நலன்புரி நிலையத்தில், சிலர் உறவினர் வீட்டில். இருவர் எங்கே என்றே தெரியாது. "வந்த ஆக்களோடை தொடங்குவம் சுவாமி, இனி ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறது?" என்கிறார் ஒருவர்.

இடம்பெயர்ந்த பங்குகளில் இது புதுமையான பேச்சு அல்ல. அவசரம் உண்மைதான். ஆனால் அன்று பேசப்படுவது கோயிற் காணியைக் குத்தகைக்குக் கொடுப்பது பற்றியோ, விதைநெல் பங்கிடும் குழுவைத் தெரிவது பற்றியோ என்றால், வராத 9 குடும்பங்களின் பங்கு என்னாகும்?

கூட்டம் செல்லுபடியாவதற்கு வேண்டிய ஆகக் குறைந்த வரவையே கோரம் என்கிறோம். சட்ட ஏடுகளில் கூட்ட நடப்பெண். 225 உறுப்பினர் கொண்ட நமது நாடாளுமன்றத்துக்கு 20 பேர் போதும். திருச்சபை கேட்பது அதைவிட அதிகம். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1983இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பின் 119ஆம் இலக்கம், குழுவாக முடிவெடுக்கும் சபைகளுக்கு ஒரு பொது அளவைத் தருகிறது. தனி விதி இல்லாவிட்டால், அழைக்கப்பட வேண்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இசைய வேண்டும். 15 பேரில் 8 பேர் வரவேண்டும்; அந்த 8 பேரில் 5 பேர் கை உயர்த்தினால் முடிவு. 5 பேரின் கை 15 பேரைக் கட்டுகிறது. இதற்கும் கீழே இறங்கினால் அது சபையின் முடிவு அல்ல, சிலரின் முடிவு.

"அழைக்கப்பட வேண்டியவர்கள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊரில் எஞ்சியிருப்பவர்கள் என்று சட்டம் சொல்லவில்லை. தேர்தல் பற்றிய 166ஆம் இலக்கம் இன்னும் தெளிவானது. மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோரை அழைக்காமல் விட்டு, அவர்களும் வராதிருந்தால் அத்தேர்தல் செல்லாது. 15 பேரில் 6 பேருக்கு அழைப்புப் போகாவிட்டால் அவ்வளவுதான். ஒருவரே விடுபட்டு வராதிருந்தாலும், தேர்தலை அறிந்த 3 நாட்களுக்குள் அவர் முறையிட்டு, அதை நிரூபித்தால், தேர்தலை நீக்க வேண்டும்.

"அருட்பணிச் சபை ஆலோசனை சொல்லும் சபைதானே, கோரம் எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. 536ஆம் இலக்கத்தின்படி அது ஆலோசனைச் சபைதான். ஆனால் 6 பேரின் எண்ணத்தைப் பங்கு மக்களின் எண்ணம் என்று கூட்டறிக்கையில் எழுதினால் அது உண்மையாகுமா?

ஆகவே செய்ய வேண்டியவை சில. முதலில் உறுப்பினர் பதிவேட்டில் இன்றைய இருப்பிடத்தை எழுதுங்கள். அழைப்பை நலன்புரி நிலையப் பூசையிலும் வாசியுங்கள். கோரம் சேராவிட்டால் வந்தவர்கள் பேசலாம், தீர்மானிக்கக் கூடாது. வந்தோர் தொகையைப் பதிந்து, மறு திகதி குறித்துக் கலையுங்கள். கடிதம் மூலமோ பதிலாள் மூலமோ வாக்களிப்பதை, யாப்பில் இடமிருந்தாலன்றி, 167ஆம் இலக்கம் ஏற்பதில்லை. தூரத்தில் இருப்போருக்கு அது தேவையானால், முறைப்படி யாப்பைத் திருத்தி ஆயரின் அனுமதியைப் பெறுங்கள். விதியைச் சத்தமின்றி மீறுவதைவிட அதைத் திருத்துவது மேல். உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் தனி யாப்பு உண்டு. அதில் கோரம் எத்தனை என்று பாருங்கள்.

இடம்பெயர்ந்து வாழும் அன்பர்களே, வயலை விட்டு வந்தீர்கள். உறுப்புரிமையை விட்டு வரவில்லை. அழைப்புக் கிடைக்காவிட்டால் கேளுங்கள். அழைப்புக் கிடைத்தால், இயன்றவரை போய் உங்கள் கதிரையில் அமருங்கள்.