சுழலும் தட்டும் சுழலாச் சில்லும்

பள்ளிக்கூடத்துக் கணினி, காலையில் விசையை அழுத்தியபின் பாடத்துக்குத் தயாராவதற்கு மூன்று நான்கு நிமிஷங்கள் எடுத்துக்கொள்கிறது. மாணவர் பட்டியலைத் திறக்க மேலும் ஒரு நிமிஷம் ஆகிறது. மழையளவுப் பதிவுகளைத் தேடும் கள ஊழியருக்கும் இதே அனுபவந்தான். யந்திரம் பழையதாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கவேண்டும் என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். ஆனால் இத்தகைய கணினிகள் பலவற்றில் தாமதம் கணக்கிடும் பகுதியில் ஏற்படுவதில்லை. தகவலைச் சேமித்து வைக்கும் பகுதியிலேயே ஏற்படுகிறது. அப்பகுதியை மட்டும் மாற்றினால் போதுமானது. அவ்வாறாயின், மேலும் வேகமாகச் சுழலும் வன்தட்டை வாங்குவதா, அல்லது சுழலும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி.யை வாங்குவதா? குறைந்த பணத்தைக் கொண்டு நிறைந்த பயன் பெறவேண்டிய பள்ளிகளும் கள அலுவலகங்களும் இக்கேள்வியை ஆராய்ந்து முடிவு செய்தல் நலம்.

கடைகளில் ஹார்ட் டிஸ்க் என வழங்கும் வன்தட்டு 1956-ஆம் ஆண்டில் பிறந்தது. ஐ.பி.எம். நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்ட முதற் சாதனத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை நிமிஷத்துக்கு 1,200 முறை சுழன்று, 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கின. இன்றைய வன்தட்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். கொள்ளளவோ லட்சக்கணக்கான மடங்கு பெருகியுள்ளது. எனினும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. ஒரு கையின் நுனியிலுள்ள படிக்கும் தலை, வேண்டிய வட்டத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் தன் கீழே வரும்வரை காத்திருக்கிறது.

இந்தக் காத்திருப்பு எவ்வளவு என்பதை ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். நிமிஷத்துக்கு 7,200 சுற்று என்றால் வினாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க நேரிடுவதால் 4.2 மில்லி வினாடி. கை நகர்வதற்கு மேலும் எட்டு ஒன்பது மில்லி வினாடி வேண்டும். ஆக, ஒவ்வோர் இடத்தையும் எட்டப் பன்னிரண்டு பதின்மூன்று மில்லி வினாடி செலவாகிறது. அதாவது வினாடிக்கு ஏறத்தாழ எண்பது இடங்களையே வன்தட்டு தேடிச் சென்று படிக்க இயலும். கணினி தொடங்கும்போதோ, தட்டின் பல பகுதிகளில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கவேண்டியிருக்கிறது. நிமிஷங்கள் கழிவதன் காரணம் இதுவே.

சுழற்சி வேகத்தைக் கூட்டினால் என்ன? நிமிஷத்துக்கு 5,400 சுற்றுள்ள தட்டில் அரைச் சுற்றுக்கு 5.6 மில்லி வினாடி ஆகும். அதைவிட விலை கூடிய 7,200 சுற்றுத் தட்டை வாங்குவோர் சுழற்சியில் மிச்சப்படுத்துவது 1.4 மில்லி வினாடியே. பெருங்கணினிகளுக்காக 10,000, 15,000 சுற்றுத் தட்டுகளும் செய்யப்பட்டன. அவற்றில் சுழற்சிக் காத்திருப்பு 3 அல்லது 2 மில்லி வினாடியாகக் குறைந்தது. ஆனால் வெப்பமும் இரைச்சலும் விலையும் மிகுந்தன. எஸ்.எஸ்.டி. பரவியபின் அவ்வகைத் தட்டுகளின் உற்பத்தி பெரும்பாலும் கைவிடப்பட்டது.

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, கையும் இல்லை. ஃபிளாஷ் எனப்படும் நினைவகச் சில்லுகளில், நுண்ணறைகளுக்குள் எலெக்ட்ரான்களைச் சிறைப்படுத்தித் தகவல் பதிக்கப்படுகிறது. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபூஜியோ மசுவோகா 1980-களில் கண்ட முறை இது. எந்த அறையைப் படிப்பதாயினும் ஏறத்தாழ 0.1 மில்லி வினாடி போதும். வன்தட்டை நோக்க இது நூறு மடங்குக்கு மேற்பட்ட விரைவு. ஆயினும் ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிப்பதில் வேற்றுமை இவ்வளவு பெரிதன்று. நல்ல வன்தட்டு வினாடிக்கு 150 முதல் 200 மெகாபைட் தரும். பழைய கணினிகளில் பொருந்தும் சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 500 மெகாபைட்டுக்குச் சற்று மேல் தரும். ஆகவே பாடப் படங்களைச் சேர்த்து வைக்கும் கிடங்குக்கு வன்தட்டே போதும்.

கள ஊழியர் கவனிக்கவேண்டிய வேறொரு விஷயமும் உண்டு. வன்தட்டின் தலை, தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில், மெல்லிய காற்றுப் படலத்தின்மீது மிதக்கிறது. ஜீப்பின் குலுக்கலில் தலை தட்டை உராய்ந்தால் பதிவு அழியும். காற்றடர்த்தி குறைந்த மலைப் பகுதியிலும் இதே அபாயம் உண்டு. சாதாரண வன்தட்டுகள் பெரும்பாலும் 3,000 மீட்டர் உயரம் வரையே இயக்கத் தகுதி பெற்றவை. லே நகரமோ ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே பணிபுரிவோருக்கு எஸ்.எஸ்.டி. ஆடம்பரமன்று, அவசியம்.

எஸ்.எஸ்.டி.க்கும் குறைகள் உண்டு. எழுதி அழிக்கும்தோறும் அதன் அறைகள் சிறிது தேய்கின்றன. ஆனால் இதற்கு அஞ்சவேண்டுவதில்லை. 500 ஜிகாபைட் சாதனங்கள் பலவற்றுக்கு 150 டெராபைட் அல்லது அதற்கு மேலும் எழுதலாம் என உற்பத்தியாளர் உறுதி கூறுகின்றனர். தினமும் 20 ஜிகாபைட் எழுதினாலும் அவ்வரம்பை எட்ட இருபது ஆண்டுகள் ஆகும். உண்மையில் அஞ்சத்தக்கவை வேறு இரண்டு. முதலாவது, மின்சாரமின்றி நெடுங்காலம் கிடந்தால் அறைகளிலுள்ள மின்னேற்றம் கசிந்துவிடும்; வெப்பம் அதனை விரைவுபடுத்தும். எழுதும் வரம்பை எட்டிய சாதனம், 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், மின்சாரமின்றி ஓராண்டு தகவலைக் காக்கவேண்டும் என்பதே தொழில் தரம். புதியது இதனினும் நீண்டகாலம் காக்குமாயினும், பழைய பதிவுகளை எஸ்.எஸ்.டி.யில் இட்டு அலமாரியில் பூட்டி மறந்துவிடுதல் தவறு. இரண்டாவது, வன்தட்டு கெடுமுன் பலவேளை ஓசையெழுப்பி எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. எச்சரிக்காமலே ஒருநாள் நின்றுவிடக்கூடும். அப்போது தகவலை மீட்பது மிகக் கடினம்.

ஆகவே, கணினியின் இயக்க மென்பொருளும் அன்றாட வேலைக் கோப்புகளும் இருப்பதற்கு எஸ்.எஸ்.டி.யே ஏற்றது, 250 அல்லது 500 ஜிகாபைட் அளவு பெரும்பாலான பள்ளிகளுக்குப் போதும். பெருந்தொகுதிகளுக்கும் காப்புப் பிரதிகளுக்கும், அதே கொள்ளளவுக்கு விலை மிகக் குறைந்த வன்தட்டை, வேகத்தைப் பாராட்டாமல் வாங்கலாம். வாங்குமுன் கணினியில் உள்ளது சாட்டா இணைப்பா, எம்.2 இணைப்பா எனப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். வேகத் தட்டுக்காகக் கொடுக்கும் அதிக விலையை இரண்டாவது பிரதிக்குச் செலவிடுதலே சிக்கனம். பத்தாண்டு மழைக்கணக்கு ஒரே சாதனத்தில் மட்டும் இருக்குமானால், அச்சாதனம் சுழல்வதாயினும் சுழலாததாயினும், அக்கணக்கு பாதுகாப்பாக இருப்பதாகக் கொள்ள முடியாது.