கை எடுத்த பின்பும் ஒலிக்கும் துதி



அந்தமான் தீவுக் கூட்டத்தில் லாங் ஐலண்ட் என்றொரு சிறு தீவு உண்டு. சென்னையிலிருந்து கடலுக்கடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் தூரம் போடப்பட்ட இணையக் கம்பி 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டபோது, அதனால் இணைக்கப்பட்ட தீவுகளில் இதுவும் ஒன்று. பெருநகரச் சபைகளின் ஆராதனை இசையை இன்று அத்தீவின் வாலிபரும் கண்டு கற்கிறார்கள்.

அங்கே ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். கீபோர்டு வாசித்த தம்பி மூன்று கட்டைகளை அழுத்திவிட்டுக் கையை எடுத்து, பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார். இசையோ நிற்கவில்லை; மணிகள் உருள்வதுபோல் தொடர்ந்து ஒலித்தது. முன்வரிசையில் இருந்த வயதான தாயார் ஒருவர் கைதட்டிப் பாடினார். அவருடைய தாளம் மெதுவானது. கருவியின் தாளம் வேகமானது. இரண்டாம் சரணத்தில் அவர் பாடுவதை நிறுத்திவிட்டார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "ஐயா, தம்பி கையை எடுத்த பிறகும் பெட்டி வாசிக்கிறதே, இது யாருடைய துதி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடையளிக்குமுன், அக்கருவி செய்வது என்னவென்று அறிந்துகொள்வோம். அதன் பெயர் ஆர்ப்பெஜியேட்டர். இத்தாலிய மொழியில் சுரமண்டலத்தைக் குறிக்கும் 'ஆர்ப்பா' என்னும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. சுரமண்டலத்தின் நரம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மீட்டுவதுபோல, நாம் சேர்த்து அழுத்தும் சுரங்களைக் கருவி தனித்தனியே, மேலேறியும் கீழிறங்கியும் வாசிக்கும். 1978இல் வெளிவந்த ரோலண்ட் ஜூப்பிட்டர்-4, 1982இல் வெளிவந்த ஜூனோ-60 ஆகியவற்றிலேயே இந்த வசதி இருந்தது.

'லாட்ச்' அல்லது 'ஹோல்ட்' என்னும் பொத்தானை இயக்கினால், விரலை எடுத்த பின்பும் அந்தச் சுர வரிசை தொடரும். எல்லா விரல்களையும் எடுத்துவிட்டுப் புதிய கட்டைகளை அழுத்தினால், பெரும்பாலான கருவிகளில் பழைய சுரங்கள் நீங்கிப் புதியவை வரும். ஒரு விரலையாவது எடுக்காமல் வேறொரு கட்டையை அழுத்தினால், அச்சுரமும் பழையவற்றோடு சேர்ந்துகொள்ளும். கார்டு மாற்றும்போது இசை குழம்புவதற்குப் பலமுறை இதுவே காரணம்.

அந்தத் தம்பியிடம் பேசினேன். "டிரம்ஸ் வாசிக்க இங்கே ஆள் இல்லை ஐயா. நான் ஒருவன்தான். லாட்ச் போட்டால்தான் இன்னொரு கை கிடைக்கிறது" என்றார். அவர் சொன்னதும் நியாயமே. வாடகை மண்டபத்தில் கூடும் உங்கள் நகரத்துச் சிறு சபையிலும் இதே நிலைதான் அல்லவா?

எனவே அதைத் தள்ளிவிடும்படி நான் சொல்லவில்லை. தாவீதின் நாட்களில் கர்த்தருடைய பாட்டுகளைக் கற்றுத் தேர்ந்தவர்கள் 288 பேர் இருந்தார்கள் என்று வாசிக்கிறோம் (1 நாளாகமம் 25:7). தேவ சமுகத்தில் வாசிப்பவன் தன் கருவியை நன்கு அறிந்திருப்பது பக்திக்கு விரோதமானதல்ல.

அன்றிரவு நாங்கள் இருவரும் சில காரியங்களைத் தீர்மானித்தோம். முதலாவது, சபை பாடத் தொடங்கி, அதன் வேகம் நிலைப்பட்ட பின்பே லாட்சை இயக்குவது. டாப் டெம்போ பொத்தானைச் சபையின் கைத்தட்டலுக்கு ஏற்பத் தட்டி வேகத்தை அமைப்பது. இரண்டாவது, கார்டு மாற்றும்போது எல்லா விரல்களையும் எடுத்து, தாளத்தின் முதல் தட்டில் புதிய கார்டை அழுத்துவது. மூன்றாவது, ஜெபமோ சாட்சியோ தொடங்குமுன் லாட்சை நிறுத்திவிடுவது. நிறுத்தும் பொத்தான் எதுவென்று வீட்டிலேயே பலமுறை பழகிக்கொள்வது. சில கருவிகளில் சஸ்டெயின் பெடலையே லாட்சாக அமைக்கலாம்; அது காலுக்கு எளிது.

மறுநாள் மாலை தம்பி முதல் சரணத்தை வெறும் விரல்களால் வாசித்தார். அந்தத் தாயாரின் கைகளைப் பார்த்து வேகத்தைத் தட்டி அமைத்து, பிறகு லாட்சை இயக்கினார். நடுவில் மின்சாரம் போய்விட்டது. கீபோர்டு மௌனமானது. பாட்டோ நிற்கவில்லை! அந்தத் தாயாரின் கைத்தட்டலே சபையை நடத்திச் சென்றது. மின்சாரம் திரும்பி வந்தபோது தம்பி கருவியைத் தொடவில்லை. தானும் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார். அந்தத் தாயாரின் கேள்விக்கு நான் ஆயத்தம்பண்ணி வைத்திருந்த பதிலைச் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

பிரியமானவர்களே, லாட்ச் கீபோர்டில் மாத்திரமா இருக்கிறது? ஊரைவிட்டு நகரத்திற்கு வந்து, வேலையும் பயணமுமாய் ஓடும் நம் வாழ்விலும் அது உண்டு. என்றோ கண்ணீரோடு தொடங்கிய குடும்ப ஜெபம், இருதயத்தை எடுத்துவிட்ட பின்பும் பழக்கத்தினால் தானாக ஓடிக்கொண்டிருக்கக்கூடும். சத்தம் இனிமையாகவே இருக்கும், விரல்தான் இராது. உதடுகள் அருகிலும் இருதயம் தூரத்திலும் இருந்த ஜனத்தைக் குறித்து ஏசாயா தீர்க்கதரிசியின் மூலம் ஆண்டவர் துக்கப்பட்டது இதைக் குறித்தே அல்லவா (ஏசாயா 29:13)?

இன்று இரவு குடும்பமாய் முழங்காற்படியிடும்போது, பழகிய வார்த்தைகளைச் சற்று நிறுத்தி, வீட்டிலுள்ள வயதானவரையோ சிறு பிள்ளையையோ முதலில் ஜெபிக்கச் சொல்லுங்கள். அவர்களுடைய வேகத்திற்கு நீங்கள் இணங்கிச் செல்லுங்கள். கர்த்தர்தாமே உங்கள் வீடுகளில் துதியின் சத்தத்தைப் புதிதாக்குவாராக. ஆமென்.