ஐந்து ஷில்லிங் நூல்

மாதந்தோறும் மளிகைக் கணக்கைப் பார்க்கையில், விலைகளின் போக்கை விளக்கும் நூலொன்று வாராதா என ஏங்குகிறோம். இவ்வேக்கம் புதிதன்று.

1930-களில் விலைகள் வீழ்ந்தும் மக்கள் வேலையிழந்து வாடினர். அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் அறிஞர் கெயின்ஸ் எழுதிவந்த நூலை மாணவர் ஆவலோடு எதிர்நோக்கினர். பொருளாதாரம் பற்றிய உலகின் சிந்தனையையே அது மாற்றும் என 1935 புத்தாண்டு நாளில் பெர்னார்ட் ஷாவுக்கு அவரே எழுதினார்.

1936 பிப்ரவரியில் நூல் வெளிவந்தது. மாணவரும் வாங்கத்தக்கதாய் 5 ஷில்லிங்கே விலை. ஒருவர் செலவே மற்றொருவர் வருமானம்; எல்லாரும் ஒருங்கே செலவைச் சுருக்கின் எல்லார் வருமானமும் சுருங்கும் என்று அது விளக்கியது.

ஆயினும் அவர் அதைச் சக அறிஞருக்கே எழுதினார். இல்லத்தாருக்கும் விளங்கும் எளிய தமிழில் எழுத வல்லோர் முன்வருக. விலையும் கைக்கு எட்டுவதாய் அமைக!