மதிய உணவு: அரிசிக்குக் கணக்கு உண்டு, உண்ட குழந்தைக்கு?

புது தில்லி: பெங்களூரில் கோரமங்களாவை அடுத்த ஈஜிபுராவில், நலிவுற்ற பிரிவினருக்கான குடியிருப்பு இருந்த இடத்திலிருந்து 2013 ஜனவரியில் ஏழைக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களில் தமிழர்களும் பலர். இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உறுதியாகக் கிடைக்கும் ஒருவேளை உணவு, அரசுப் பள்ளியின் மதிய உணவுதான். அதற்காக தில்லி ஒதுக்கும் பணமும் தானியமும் உரிய பிள்ளையின் தட்டைச் சேர்கின்றனவா என்பதே கேள்வி.

சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28-ல் உத்தரவிட்டது. 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனை உரிமையாக்கியது. 2021-ல் "பிரதமர் போஷண்" எனப் பெயர் மாறிய இத்திட்டத்தில், சுமார் 11.20 கோடி மாணவர்கள் பயன்பெறுவதாக மத்திய அரசு 2025-ல் தெரிவித்தது.

தானியச் செலவு முழுவதும் மத்திய அரசுடையது. இந்திய உணவுக் கழகம் வழங்குகிறது. பருப்பு, காய்கறி, எண்ணெய் வாங்கும் செலவைப் பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்கின்றன. தொடக்கப் பள்ளி மாணவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம். பொருள் செலவு 2025 மே 1 முதல் ரூ. 6.78 என நிர்ணயிக்கப்பட்டது.

இரண்டுக்கும் அடிப்படை, உண்டவர் எண்ணிக்கையே. ஒரு பள்ளி தினமும் 20 பேரைக் கூட்டிக் காட்டினால், 200 நாள்களில் 400 கிலோ தானியமும் ரூ. 27,120-ம் கணக்கில் மட்டுமே செலவாகும். எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டதை, 2015 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தாக்கலான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையும் சுட்டிக்காட்டியது.

கொள்முதலில் கண்காணிப்பு தவறினால் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. பிகாரின் சாப்ரா அருகே 2013 ஜூலை 16-ல் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த உணவை உண்டு 23 குழந்தைகள் உயிரிழந்தனர். உணவை ஆசிரியர் ஒருவர் முன்னதாகச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்ற விதி அங்கே உயிரற்ற எழுத்தாகவே இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகங்களில் உணவுப் பரிசோதனை நடத்த 2015 விதிகள் வகை செய்தன.

பெங்களூரின் நிலை வேறு. 2000-ல் ஐந்து பள்ளிகளில் 1,500 குழந்தைகளுடன் தொடங்கிய அட்சய பாத்திரா அறக்கட்டளை, பெரிய சமையற்கூடங்களில் சமைத்து வாகனங்களில் அனுப்புகிறது. நிர்வாகக் குறைபாடுகளைக் குறிப்பிட்டு, இன்ஃபோசிஸ் முன்னாள் நிதித் தலைவர் மோகன்தாஸ் பை உள்ளிட்ட அறங்காவலர்கள் சிலர் 2020-ல் விலகினர். முறைகேடு எதுவும் இல்லை என அறக்கட்டளை மறுத்தது. எவர் கூற்று சரி என்பது ஒருபுறமிருக்க, பொதுப் பணம் பெறும் அமைப்பு தன் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டால் போதுமா என்ற வினா நிலைத்துவிட்டது.

சமைப்பது பள்ளியா, தொண்டு நிறுவனமா என்பது இரண்டாவது கேள்வி. வழங்குபவர், எண்ணுபவர், பணம் பெறுபவர் ஒருவராகவே இருக்கக் கூடாது என்பதே முதல் விதி. சமூகத் தணிக்கையைத் திட்டமே கட்டாயமாக்கியுள்ளது. அதன் அறிக்கைகளை அவையில் கேட்டு வாங்குவது உறுப்பினர்களின் கடமை. மதிய வேளையில் தட்டுகளை எண்ணுவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் அமர்ந்துள்ள பெற்றோரின் உரிமை.