ஒல்லியான ஆளுக்கும் மாரடைப்பு வருமா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவர்)



பம்பு, பைப், பிரஷர் என்று மூன்று வருடமாகப் படித்துவிட்டோம். நம் நெஞ்சுக்குள்ளும் ஒரு பம்பு ஓடுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 70 தடவை, ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை. சர்வீஸ் செய்ய ஒரு நாள்கூட நிறுத்தி வைக்க முடியாத பம்பு அது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2022-ல் எங்கள் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 46. ஒல்லியான உடம்பு. பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சை அடைக்கிறது என்றார். "வாயுவாத்தான் இருக்கும், ஒரு சோடா வாங்கிட்டு வாடா" என்றார். ஓடிப்போய் வாங்கி வந்தவன் நான்தான். விடிந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனோம். உயிர் பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. பழையபடி லேத் பட்டறையில் நாள் முழுக்க நிற்க அவரால் முடியவில்லை. "இந்த ஒல்லி உடம்புக்கு எப்படிய்யா வந்துச்சு?" என்று ஊரே கேட்டது. பதில் தேடியபோது நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது என்ன?

இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் தனியாக உண்டு. விட்டம் 3, 4 மில்லிமீட்டர்தான். அவற்றின் சுவருக்குள் வருடக்கணக்கில் கொழுப்பு சேருகிறது. ஒருநாள் அந்தப் படிவின் மேல்தோல் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள தசை பிராணவாயு கிடைக்காமல் சாக ஆரம்பிக்கிறது. இதுதான் மாரடைப்பு.

யாரை அளந்து போட்ட கணக்கு?

1948-ல் அமெரிக்காவின் பிராமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைபிடித்தல் ஆகியவை இதய நோய்க்கு வழி என்று உலகுக்குக் காட்டியது அதுதான். ஆனால் அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். அவர்களை வைத்துப் போட்ட கணக்கு நமக்கு அப்படியே பொருந்துமா? மரபணு ஆராய்ச்சியிலும் இதே கதைதான். 2016-ல் எடுத்த ஒரு கணக்கின்படி, அத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 100-க்கு 81 பேர் ஐரோப்பிய வம்சாவளியினர்.

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் வெளிவந்தது. அதிலிருந்து தெற்காசியர்களைத் தனியே பிரித்துப் பார்த்து 2007-ல் முடிவு சொன்னார்கள். முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது மற்ற நாடுகளில் 58.8, நம் பகுதியில் 53. ஏறத்தாழ ஆறு வருடம் முன்னாலேயே!

ஒல்லி உடம்பின் ரகசியம்

புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் தங்களையே அளந்து 2004-ல் படத்தோடு வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! ஆக, எடை மெஷின் காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. நமக்கு இடுப்புச் சுற்றளவு முக்கியம். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை மணி.

வம்சத்தில் வருவது

லைப்போபுரோட்டீன் (ஏ) என்று ஒரு கொழுப்புத் துகள் உண்டு. நார்வே நாட்டு கோரே பெர்க் 1963-ல் கண்டுபிடித்தார். கெட்ட கொலஸ்ட்ராலுக்கு ஒரு வால் முளைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அளவைப் பெரும்பாலும் மரபணுதான் தீர்மானிக்கிறது. சாப்பாட்டைக் குறைத்தாலோ ஓடினாலோ பெரிதாக இறங்காது. இதனால் வரும் மாரடைப்பு ஆபத்து தெற்காசியர்களிடம் அதிகம் என்று 2019-ல் வந்த ஆய்வு காட்டியது. வழக்கமான கொலஸ்ட்ரால் டெஸ்டில் இது தெரியாது, தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். அப்பாவுக்குப் பார்த்தோம், அதிகம். எனக்கும் பார்த்தோம், அதிகம்தான்.

அப்படியானால் தலைவிதியா?

நானும் அப்படித்தான் சோர்ந்து போனேன். டாக்டர் சொன்னார்: "தம்பி, ஒரு கதவு திறந்தே இருக்குன்னா, மத்த கதவையெல்லாம் நல்லா சாத்தணும்." இன்டர்ஹார்ட் சொன்னதும் அதுதான். கொலஸ்ட்ரால் கோளாறு, புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மனஅழுத்தம், காய்கனி குறைவு, உடலுழைப்புக் குறைவு ஆகியவற்றைச் சேர்த்தே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம் சொல்லிவிட முடிகிறது. இவற்றில் பல நம் கையில்தான் இருக்கின்றன.

எனவே தோழர்களே, ஹாஸ்டல் மொட்டைமாடியில் "ஒண்ணே ஒண்ணுடா" என்று நீட்டப்படும் சிகரெட்டை வேண்டாம் என்று சொல்லுங்கள். தினமும் அரை மணி நேரம் வேர்க்க நடங்கள், விளையாடுங்கள். விடுமுறையில் ஊருக்குப் போனால் அப்பா அம்மாவுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பார்ப்பார்கள்.

கடைசியாக ஒன்று. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை - இவை வந்தால் சோடாக் கடைக்கு ஓடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வாயு என்று தெரிந்தால் சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பலாம். செத்த தசை திரும்பாது. அன்று ராத்திரி எனக்கு இது தெரியாது. இன்று உங்களுக்குத் தெரியும்.