பீரோவில் உறங்கும் ஊர்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் அண்மைக்கால வரலாற்றை எழுதக் கிளம்புகிறவர் முதலில் போக வேண்டிய இடம் அங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தலைமையாசிரியர் அறை பீரோவில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், அவருடைய தொழில், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த நாள், நின்ற நாள் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள்.

பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பிவிட முடியாது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட காலம் அது. பெற்றோருக்குத் தேதி தெரியாவிட்டால் வாத்தியாரே மே, ஜூனில் ஒரு நாளைப் போட்டுவிடுவார். பலர் பணி ஓய்வு பெற்றதும் அந்தத் தேதியை வைத்துத்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது சேர்ந்த நாளும் நின்ற நாளும். 1953இல் ராஜாஜி அரசு கிராமப் பள்ளிகளில் பாடவேளையைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் முதல்வரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். 1956இல் மதிய உணவு வந்தது. பிறகு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன; ஊர்க்காரர்களே இடமும் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தார்கள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது பாப்பாக்குறிச்சியில். அது இருந்த திருச்சி மாவட்டத்தில்தான் அன்று பெரம்பலூரும் அரியலூரும் இருந்தன. இந்த ஆண்டுகளின் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அரசு எடுத்த முடிவு நம் தெருப் பிள்ளைகளை எத்தனை தூரம் எட்டியது என்று அங்கே எண்ணியே பார்த்துவிடலாம். பருத்தி எடுக்கவும் ஆடு மேய்க்கவும் நின்றுபோனவர்கள் எத்தனை பேர், ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத பெண் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தத் தெருவிலிருந்து முதல் பிள்ளை எந்த ஆண்டில் வந்தது என்பதையெல்லாம் வேறு எந்த ஆவணம் சொல்லும்?

அந்தத் தாள்கள் இப்போது தொட்டால் உதிர்கின்றன. ஓட்டுக் கட்டடத்தை இடித்துப் புதிது கட்டும்போது பழைய கட்டுகள் மூட்டையாகி மூலைக்குப் போகின்றன. கரையான் அங்கே காத்திருக்கிறது. ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடும் முன்னாள் மாணவர்கள் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கலாம். சாதிப் பத்தியை வெளியில் விடாமல் காப்பதும் அவர்கள் பொறுப்பு. எழுபது வயதைக் கடந்தவர்களை உட்காரவைத்துப் பேசவும் விடுங்கள். பதிவேட்டில் இல்லாத வாத்தியாரின் குரல் அவர்களிடம்தான் இருக்கிறது.